வளையல் கடைக்கு எதிரே

மாமல்லபுரத்தில் எங்களுக்கு அது கடைசி நாள். செங்கல்பட்டிலிருந்து திருச்சிக்கு ராத்திரிதான் ரயில் என்பதால் பகல் முழுவதையும் கடைத்தெருவுக்கு ஒதுக்கியிருந்தோம். 1997 தை மாதம். வெயில் இருந்தும் உறைக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, லாட்ஜில் பெட்டியை ஒப்படைத்து, ஒத்தவாடைத் தெரு வழியாகக் கிளம்பினோம்.

இந்தப் பயணத்துக்குக் கடல் மட்டும் காரணமில்லை. நான் திருச்சியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறேன். நாள் பூராவும் மெஷின்களின் சத்தத்தில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனால், என் மனைவி சரோஜா பேசுவதெல்லாம் கேஸ் தீர்ந்துபோச்சு, பையனுக்கு ஃபீஸ் கட்டணும், தட்டு போடட்டுமா என்பதோடு சரி. கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு நான்கு நாள் கடலோரம் உட்கார்ந்தால் பேசுவாள் என்று நினைத்தேன். பேசத்தான் செய்தாள், என்னிடம் இல்லை. முதல் நாள் லாட்ஜில் துணி துவைக்கும் அம்மாளிடம். அடுத்த நாள் கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அலை புடவையை நனைப்பதுகூடத் தெரியாமல். நான் கரையில் இரண்டு ஜோடிச் செருப்புக்குக் காவல் இருந்தேன்.

முதலில் ஐந்து ரதம் போகும் சாலையில் சிற்பக்கூடங்களைப் பார்த்தோம். வரிசையாக உளிச் சத்தம். ஒரு கடையில் மாக்கல் யானை ஒன்று இருந்தது. அதன் வயிற்றைச் சன்னல் சன்னலாகக் குடைந்து, உள்ளே ஒரு குட்டி யானையையும் செதுக்கியிருந்தார்கள். நூற்றைம்பது என்றான் கடைக்காரன். நான் பேரம் பேசி, கோபித்துக்கொண்டு, நான்கு அடி நடந்துகூடப் பார்த்தேன். அவன் கூப்பிடவில்லை. இதற்குள் சரோஜா அவனுடைய மகளுக்கு வாந்தி நிற்காத கதையைக் கேட்டு, ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, யானையை எண்பது ரூபாய்க்கு வாங்கிவிட்டாள்.

"அக்காவுக்காகத்தான் எம்பது. நீ நாள் பூரா நின்னுகினு இருந்தாலும் நூத்திப்பத்துக்குக் கொறையாது அண்ணாத்த" என்றான் என்னிடம்.

மதியம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாப்பாடு. வஞ்சிர வறுவல் தனி. இலைக்கு முன்னால் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், வேறு யாரும் பக்கத்தில் இல்லை. இதை விட்டால் நேரம் கிடைக்காது என்று நானே ஆரம்பித்தேன்.

"கடல் எப்படி இருந்துச்சு உனக்கு?"

"நல்லா இருந்துச்சுங்க."

"அப்புறம்?"

"கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லுங்க."

கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியெங்கும் சிப்பிக் கடைகள். பிள்ளைகளுக்குச் சோழியில் செய்த ஆமையும், என் தங்கைக்குச் சிப்பி ஒட்டிய கண்ணாடியும் வாங்கினோம். மூன்று மணி வாக்கில் திரும்பி வரும்போதுதான் அந்த வளையல் கடை கண்ணில் பட்டது. பெட்டிக்கடை அளவுதான் இருக்கும். உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கழுத்தில் சின்ன வெள்ளிச் சிலுவை. சரோஜா உள்ளே நுழைந்தாள். நானும் குனிந்தேன்.

"ஆம்பளைக்கெல்லாம் எடம் பத்தாது நைனா. எதுத்தாப்புல டீக்கடையாண்ட போய் குந்து" என்றாள் அந்த அம்மாள்.

குந்தினேன். இரண்டு பைகளையும் கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் சரோஜாவின் வலது கையை வாங்கி, விரல்களைக் குவித்து, மெதுவாக அமுக்கியபடி ஏதோ கேட்டாள். சரோஜா பதில் சொல்ல வாயைத் திறந்ததும் ஒரு வளையல் உள்ளே போனது.

"அது அப்டித்தான் அண்ணாத்த, பேச்சு குடுத்துகினே ஏத்தும். கைய வெறப்பா வச்சிகினா வளையலு ஒடஞ்சிபூடும்ல" என்று டீக்கடைக்காரர் விளக்கினார்.

அது சரி. ஆனால் வலது கை நிறைந்து, இடது கையும் நிறைந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. அந்த அம்மாள் பிடித்த கையை விடவும் இல்லை. சரோஜா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதையும் நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. எவனாவது ஓர் ஆணாக இருந்தால் போய்ச் சண்டையாவது போடலாம். வளையல்காரியோடு என்ன வழக்கு வைப்பது?

"இன்னா அண்ணாத்த, மொறைச்சிகினே கீற? இன்னொரு டீ போடவா?"

போடச் சொன்னேன். அதையும் குடித்து முடித்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கிளம்பும்போது அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டு, "போய்ட்டு வா கண்ணு" என்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

லாட்ஜில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸில் ஏறினோம். செங்கல்பட்டுக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் ஆளுக்கு ஐந்தரை. ஊரைத் தாண்டியதும் இரு பக்கமும் ஏரியும் வயலும். சரோஜா சன்னலோரம் உட்கார்ந்து, வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருக்கழுக்குன்றத்து மலை தெரியும்வரை பொறுத்தேன்.

"அந்தம்மாகிட்ட அப்படி என்னதான் பேசினே?"

"உங்களப் பத்தித்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னைப் பத்தியா? என்ன குறை சொன்னே?"

"குறை சொல்றதா இருந்தா இன்னிக்கு ரயிலைப் பிடிக்கவே முடியாது. நல்லதாத்தான் சொன்னேன்."

"நடுவுல அழுதியே?"

"அது உங்களுக்கு டைபாய்டு வந்தப்போ நடந்தது."

"என்ன நடந்தது? எனக்கு ஞாபகமே இல்லையே."

"நீங்கதான் ஜுரத்துல கிடந்தீங்களே, எப்படி ஞாபகம் இருக்கும்?"

"இப்போ சொல்லேன்."

"போங்க. அதெல்லாம் உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அதோடு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்த கூட்டம் ஏறி பஸ் நிரம்பியது. ஓர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது எதையாவது விட்டுவிட்டு வந்தோமா என்று யோசிப்பது என் வழக்கம். அன்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் மனைவி என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகள் அத்தனையும் அந்தப் பெட்டிக்கடையில் இருந்தன. ஒன்பது வருடத்தில் அவற்றில் ஒன்றுகூட என் காதில் விழுந்ததில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி, கையைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். என்னைப் புகழ்ந்ததை வேறு யாரோ கேட்டுவிட்டதற்கு நானே பொறாமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செங்கல்பட்டு ஏரி வரும்போது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அவள் கையை எடுத்து என் மடியில் வைத்து, விரல்களைக் குவித்து லேசாக அமுக்கினேன்.

"விடுங்க" என்றாள் சரோஜா. "வளையல் உடையப் போகுது."