முறைத் தண்ணீரும் கைக்குழந்தையும்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர்கள் எதிரில் ஒருவன் தான் பெற்ற குழந்தையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் வெட்கங்கெட்டவன் என்று பெயர். அண்ணன் பிள்ளையைத் தூக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு திருவிழாவுக்கே போகலாம். சொந்தப் பிள்ளை அழுதால் மட்டும் காது கேட்காதவன் மாதிரி வானத்தைப் பார்க்க வேண்டும். உத்திரமேரூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான். நான் திட்டம் போட்டு இதை உடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் உடைத்தேன். உடைத்த பிறகு பிடிவாதமாகிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். என் மனைவிக்குச் சாலவாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் டீச்சர் வேலை. காலையில் டவுன் பஸ்ஸில் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். மகள் பிறந்து பிரசவ விடுப்பு முடிந்ததும், குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. என் அம்மா இறந்து பல வருடம் ஆகியிருந்தது. கூடப் பிறந்தவர்கள் வெளியூரில் இருந்ததால் வீட்டில் நானும், நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவும்தான். மாமியாரோ படுத்த படுக்கையாக இருந்த மாமனாரை விட்டு நகர முடியாதவர். சொந்தக்காரர்கள் வந்து காப்பி குடித்துவிட்டு ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள். அவள் வேலையை விட வேண்டும்.

அவள் எழுந்து உள்ளே போனாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் புடவைகளை மடித்துப் பெட்டியின் அடியில் வைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கண் விழித்துப் படித்தது அவள், வேலையை விடச் சொல்வது இவர்களா? குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கூடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை. எனக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை.

நைனா திட்டவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். அது நவரைப் பட்டம், மழைக்காலம் முடிந்து வைக்கிற நெல். ஏரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் கழனிக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். முறை வரும்போது கழனிக்காரன் மண்வெட்டியோடு, வாய்க்கால் தண்ணீர் தன் கழனிக்குத் திரும்பும் வாய்மடையில் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி அடுத்த கழனிக்குத் திருப்பிவிடுவார். மாமன் மச்சான் என்றெல்லாம் அவர் பார்க்கமாட்டார்.

"ஒரு மொறை தப்பிச்சின்னாலும் அவ வேலைய உட்டுடணும். கொயந்தைய சாக்கு சொல்லிக்கினு என்னாண்ட வரக்கூடாது" என்றார் நைனா. தான் மண்வெட்டியைத் தொடப்போவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். நான் சரி என்றேன். பெட்டியில் போன புடவைகள் மறுபடி கொடிக்கு வந்தன.

பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பால் புட்டியைக் கொதிநீரில் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன். மனைவியின் பழைய புடவையில் கழனி ஓரத்துப் புங்கமரத்தில் ஏணை கட்டினேன். வேறு துணியில் கட்டினால் மகள் தூங்கமாட்டாள். களை எடுக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆண்கள் பொத்தவும் இல்லை. பால் கொடுத்தாச்சா என்று வரப்புக்கு வரப்பு கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கொடுத்தாச்சு, உனக்கும் வேணுமா என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு முறைத் தண்ணீர் தப்பாமல் பாய்ந்தது.

மூன்றாவது முறை நாளில் மகளுக்கு லேசான காய்ச்சல். ஏணையில் போட்டால் வீறிட்டாள். இடது தோளில் அவளைச் சாய்த்துக்கொண்டு வலது கையால் மண்ணை இழுத்து வாய்மடையைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் கழனியில் நிற்கவில்லை. கீழ்வரப்பில் ஒரு நண்டு வளை. அதன் வழியாக மண் அரித்து, உடைப்பெடுத்து, எங்கள் தண்ணீர் அடுத்தவன் கழனிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒற்றைக் கையால் அடைக்கிற உடைப்பில்லை அது. இப்படியே போனால் பயிருக்குத் தண்ணீர் இல்லாமலேயே எங்கள் நேரம் முடிந்துவிடும்.

நைனா மேல்வரப்பில் குடையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நீர்க்கட்டியும் நின்றார், பக்கத்துக் கழனிக்காரர்களும் நின்றார்கள். என் மனைவியின் வேலை அந்த உடைப்பு வழியாகத்தான் போகிறது என்று எனக்குத் தோன்றியது. விடமாட்டேன் என்று நினைத்தேன். சேற்றில் இருந்து ஏறி நேராக நைனாவிடம் போய்க் குழந்தையை நீட்டினேன்.

அவர் ஓரடி பின்வாங்கினார். மறுக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"எனுக்குத் தூக்கத் தெரியாதுடா."

ஐந்து பிள்ளை பெற்றவர். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஒரு கைய அடியில குடு, நைனா. இன்னொரு கைய முதுவுல வையி. அவ்ளோதான்."

குடையைக் கீழே வைத்தார். வாங்கிக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். வைக்கோலையும் களிமண்ணையும் திணித்து, மிதித்து, மேலே மண் வெட்டிப் போட்டு உடைப்பை அடைத்தேன். முறை முடிய நீர்க்கட்டி குரல் கொடுத்தபோது கழனி கடைசி மூலை வரைக்கும் நனைந்திருந்தது.

மேலே ஏறி வந்தேன். நைனா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். அசைந்தால் விழுந்துவிடுமோ என்கிற பயத்தில் வெயிலுக்குக்கூட நகரவில்லை. மகள் அவர் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாங்கக் கையை நீட்டினேன். தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார். வீடு வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார், ஊரே பார்த்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். மருமகளிடம் நேராகப் பேசுகிற பழக்கம் நைனாவுக்கு இல்லை. எதிரில் நிற்பவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணி பாஞ்சிட்ச்சி. வேலைய உட வேணான்னு சொல்லு."

அப்போதும் குழந்தை அவர் தோளில்தான் இருந்தது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, காரணம் வேறு. அந்தத் தோளில் நான் ஒருநாளும் கிடந்ததில்லை.