ஜூலை மாதப் பனியில்

நாங்கள் லிவர்மோரில் வசிக்கிறோம். போன ஜூலையில் நானும் என் கணவரும் பனியில் சறுக்கும் ஸ்கீ பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு, கோடையிலும் பனி கரையாத ஒரு மலைச்சரிவுக்கு நடந்தே ஏறினோம். காலைப் பனி கண்ணாடிபோல் இறுகியிருந்தது. சரிவின் அடியில் பாறைகள்.

"வெயில் ஏறட்டுங்க. பனி கொஞ்சம் இளகட்டும்" என்றேன்.

"உனக்கு எல்லாத்துக்கும் பயம். ஸ்டார்ட் பண்ணு, நான் வீடியோ எடுக்கறேன்" என்றார்.

ரோஷத்தில் இறங்கினேன். முதல் திருப்பத்திலேயே விழுந்து சறுக்கினேன். பாறைக்கு ஒரு முழம் முன்னால் எப்படியோ நின்றேன்; இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. மேலிருந்து வந்தவர் முதலில் கேட்டது, "ஏன் சரியா டர்ன் பண்ணல?"

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த நண்பர்களுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிச் சிரித்தார். கையில் கட்டோடு நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் வலிக்கிறது.

இப்போதும் மலைக்குப் போகிறேன், தோழிகளோடு. பனியில் குதிகாலை ஊன்றிப் பார்ப்பேன். பதியாவிட்டால் ஸ்கீயைச் சுமந்தபடியே திரும்பிவிடுவேன். அவரை அழைப்பதில்லை.