தொட்டியில் அறுந்த கயிறு

அந்தப் பெரிய கொட்டகையில் எல்லோருக்கும் அவள் அலையக்கா. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். வேலை என்னவென்றால், தொட்டியில் அலை எழுப்புவது. கொட்டகை முழுக்கத் தண்ணீர். அதற்குள் முப்பத்தாறில் ஒரு பங்காகச் சிறுத்துப்போன ஒரு துறைமுகம், சிமெண்டுச் சுவர், மரக் கப்பல்கள். ஒரு ஓரத்தில் நீளமான இரும்புப் பலகை. அது முன்னும் பின்னும் போனால் அலை கிளம்பும். தண்ணீரில் நட்டிருக்கும் மெல்லிய கம்பிகள் எங்கே எவ்வளவு உயரம் என்று கணினிக்குச் சொல்லும். அதைப் பிரித்து மேய்வதும் அவள்தான்.

கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், வேலை ரத்தத்தில் ஊறிவிட்டது. டீ டம்ளரை மேஜையில் வைத்தால், உள்ளே வட்டம் ஓரத்தில் முட்டித் திரும்புவதைப் பார்த்தபடியே டீயை ஆறவிடுவாள். “குடிக்கிறியா, இல்ல அதுக்கும் ஒரு அறிக்கை எழுதப் போறியா?” என்பார் அவள் கணவர். அவர் நிஜத் துறைமுகத்தில் கப்பல்களைக் கயிற்றால் கட்டுகிறவர். தொட்டியில் இருப்பதும் அதே துறைமுகம்தான். மனைவி செய்வது சின்னக் கடல், தான் பார்ப்பது பெரிய கடல் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார்.

போன மாதம் வந்தது வினை. காற்றே இல்லாத ஒரு நாளில், துறைமுகத்தின் உள்மூலையில் கப்பலைப் பிடித்திருந்த தடிக் கயிறு படீரென்று அறுந்து, பக்கத்தில் நின்ற அவருடைய கூட்டாளியின் காலை முறித்துப் போட்டது. கட்டியவர் இவர். “கடல் சும்மாதான் கிடந்துச்சு. கப்பல் தானா நகர்ந்து இழுத்துச்சு. நான் கட்டினது சரியாத்தான் இருந்துச்சு” என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். யார் நம்புவார்கள்?

நிஜத் துறைமுகத்திலும் இதே மாதிரி நட்டிருக்கும் கம்பிகள் அன்று பதிந்ததைத் துறைமுகக்காரர்கள் அனுப்பி, அலை இருந்ததா என்று கேட்டார்கள். எந்நேரமும் கையில் அளவுகோலோடு திரிவதால் ‘ஸ்கேல் சார்’ என்று பெயர் வாங்கிய அவளது மேலதிகாரி தயங்கினார். “உங்க வீட்டு விஷயம்மா. வேற யார்கிட்டயாவது குடுத்துடட்டுமா?”

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “கணக்குக்குப் புருஷன் பொண்டாட்டி தெரியாது சார்” என்று தானே வாங்கிக்கொண்டாள். வழக்கம்போல, கடல் மெதுவாக ஏறி இறங்குவதை ஓதம் என்று முதலில் வழித்து எடுத்துவிட்டாள், பாலில் ஆடை எடுக்கிற மாதிரி. பிறகுதான் அலையை எண்ண வேண்டும். எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அலை இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். அதோடு விட்டாளா? “சும்மா கிடக்கிற தண்ணியில கயிறு எப்படிங்க அறும்? கண்ணு அசந்துட்டேன்னு சொல்லிட்டுப் போங்களேன்” என்று வீட்டில் வாயையும் விட்டாள். அவர் கூட்டாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

இன்று காலை அவருக்கு விசாரணை. வேலை இருக்குமா போகுமா என்பது இன்று தெரிந்துவிடும். டீயைத் தொடாமல் கிளம்பிப் போனார். தொட்டிக்கு வந்தவளின் உடம்புதான் இங்கே இருந்தது. தொட்டியில் கடலைச் சுருக்கினால் நேரத்தையும் சுருக்க வேண்டும். கடலில் ஆறு நொடி என்றால் இங்கே ஒரு நொடி. பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை வரும் அலைக்கு இரண்டு என்று தட்ட வேண்டியவள், பன்னிரண்டு என்றே தட்டிவிட்டாள். புதிதாகச் சேர்ந்தவர்கள்கூடச் செய்யாத தப்பு!

பலகை நகர்கிறதா என்றே தெரியவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைத்து எழுந்தவள், ‘டிக்’ என்ற சின்னச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

துறைமுகத்தின் உள்மூலையில் கட்டியிருந்த மரக் கப்பல் நூலை அறுத்துக்கொண்டு மெல்லப் பின்னால் போனது. நின்றது. யாரோ அடியிலிருந்து இழுப்பது போல மறுபடி முன்னால் வந்தது. பக்கத்துக் கப்பலின் நூலும் விண்ணென்று இறுகி அறுந்தது. அலை என்று சொல்ல ஒரு சுருக்கம்கூட இல்லை.

நூல் கட்டிய தச்சர் ஓடிவந்தார். “அக்கா, சத்தியமா என் மேல தப்பில்ல! நான் கட்டினது சரியாத்தான் இருந்துச்சு!”

ஐயோ! அதே வார்த்தை. அதே மூலை. அவள் தப்பாகத் தட்டிய பன்னிரண்டு, நிஜக் கடலில் ஒரு நிமிடத்துக்கும் நீண்ட அலை. கண்ணுக்குத் தெரியாமல் வந்து, சுவருக்கும் சுவருக்கும் நடுவே ஊஞ்சலாடி, கப்பலையே இழுக்கும் அலை. அப்படியானால் அன்று அவள் ஓதம் என்று வழித்து எறிந்தது எதை?

ஓடிப்போய்ப் பழைய பதிவைத் திறந்தாள். எதையும் வழிக்காமல் வரைந்து பார்த்தாள். இருந்தது. ஓதம் ஏறி இறங்க மணிக்கணக்காகும், இது நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கியது. பின்னால் நின்று பார்த்த ஸ்கேல் சாரின் கையிலிருந்த அளவுகோல் கீழே விழுந்தது. “அடக் கடவுளே, நானும்தானேம்மா இதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்” என்றார்.

அவள் கணவருக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, எங்க இருக்கீங்க? உள்ள கூப்பிட்டாங்களா?”

“முடிஞ்சு வெளியவும் வந்துட்டேன். நிம்மதியா இருக்கு.”

“என்ன சொன்னீங்க?”

“கண்ணு அசந்துட்டேன், முடிச்சைச் சரியாப் போடலைன்னு ஒத்துக்கிட்டேன்.”

“நீங்க அசரலைங்க! எனக்குத் தெரியுதுங்க, நீங்க அசரவே இல்ல!” அவள் கத்தியதில் தச்சர் திடுக்கிட்டார். “அலை இருந்துச்சுங்க. நான்தான் தூக்கிப் போட்டுட்டேன்.”

“எனக்கும் அசந்த மாதிரி ஞாபகம் இல்லதான்” என்றார் அவர். “ஆனா நீ அலை இல்லன்னு எழுதியிருந்தியே. நீ எழுதினா சரியாத்தானே இருக்கும்னு நினைச்சேன்.”