கோயிலடியா, கேட்டடியா

செலண்டார் பக்கமிருந்து மலாக்காவுக்குப் புதிய பஸ் ஒன்று எங்கள் ரப்பர் தோட்டத்து வழியாக ஓடப்போகிறது என்று ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சொன்னபோது, பால்வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியவர்கள் உண்டு. மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சிதறிக் கிடந்த லயத்து வீடுகளைக் காலிசெய்து, எங்கள் எல்லாரையும் ஒரே முள்வேலிக்குள் குடிவைத்திருந்தார்கள். காலையில் கேட்டைத் திறப்பார்கள், பொழுது சாய்வதற்குள் மூடிவிடுவார்கள். பால் வெட்டப் போகிறவர் ஒரு பிடி சோறுகூட வெளியே எடுத்துப் போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். வெறும் வயிற்றோடு பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு பஸ் என்ற பேச்சே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் அது கண்ட இடத்தில் நிற்காது. போலீஸ் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் நிற்கும், அதுவும் எங்கள் தோட்டத்துக்கு ஒரே ஒரு இடம். “நீங்களே பேசி முடிவு பண்ணி ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா தொரை ஆபீஸ் வாசல்ல வச்சிருவாரு” என்றார் கிராணி. ஆபீஸ் ரொம்பத் தூரம். அங்கே வைத்தால் யாருக்கும் பிரயோசனமில்லை.

தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. கோயிலடியில் நிற்க வேண்டும் என்றார்கள் ஒரு பக்கத்தார். கோயில் வேலிக்கு வெளியே, மேட்டின்மேல், ஒரு மைல் தள்ளி இருந்தது. பால் நிறுக்கிற கொட்டகையும் அதன் பக்கத்தில்தான். மதியம் பாலை ஊற்றிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடலாம். இதற்கு மேல், மாரியம்மனைத் தாண்டி ஒரு வண்டி நிற்காமல் போவதா என்ற கேள்வியும் இருந்தது. மறு பக்கத்தார் வேலிக் கேட்டடியில் நிற்கட்டும் என்றோம். நாங்கள் குறைவு.

எனக்கு ஏன் கேட்டடி வேண்டும் என்பது எங்கள் வீட்டு மூன்று பேருக்கும், தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசருக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்தாள். டிரசர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, காசநோய், மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு ஊசி போட்டாக வேண்டும், விட்டால் ஆள் தங்காது என்று சொல்லிவிட்டார். தோட்டத்து லாரி போகிற நாளில் தொற்றிக்கொண்டு போய் வந்தாள். லாரி போகாத வாரம் ஊசியும் இல்லை. மேட்டில் பத்தடி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வெளியே கண்நோய் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். காரணம் இருந்தது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் மாப்பிள்ளை பார்த்துப் பரிசம் போட்டாகிவிட்டது. சீக்கு வெளியே தெரிந்தால் கல்யாணம் போச்சு.

ஞாயிற்றுக்கிழமைப் பகலில் கூட்டம். நாலு பேர் கூடினாலே சந்தேகப்படுகிற காலம் என்பதால் கிராணி போலீசில் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள் ஓரமாக நின்றார்கள். வேலிக்குள் அடைபட்ட பிறகு கோயிலுக்கு நினைத்தபோது போக முடியாததால், உள்ளே ஒரு மரத்தடியில் சூலம் நட்டுக் கும்பிட்டு வந்தோம். அதன் முன்னால்தான் உட்கார்ந்தோம்.

மழை என்றேன். பிள்ளைத்தாய்ச்சிகள் என்றேன். சாயங்காலம் பஸ் கொஞ்சம் தாமதித்தாலும் கேட்டை மூடிவிடுவார்களே என்றேன். எதற்கும் கோயிலடிக்காகப் பேசிய கங்காணியிடம் பதில் இருந்தது.

“ஏன்டா, எளவட்டப் பய நீ. ஒரு மைலு நடந்தா காலு தேஞ்சிருமா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உண்மையைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்தது. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. இரண்டு பொட்டலம். சிவப்பு அரளி கோயிலடிக்கு, வெள்ளை அரளி கேட்டடிக்கு. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆள் குறைந்த பக்கத்துக்காரன் கையால் கட்டினால் நாளைக்குக் குறை சொல்ல மாட்டான் என்று, கங்காணியே அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். என்னை நம்பிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில்தான் அரளி நின்றது. வாழையிலையைக் கிழித்து இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டினேன். அம்மனுக்குக் கண்ணிருந்தால் அக்காவையும் பார்த்திருப்பாள் என்று ஒரு வீம்பு. நிமிர்ந்தபோது அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“ரெண்டும் வெள்ளையா இருக்கேடா.”

“நீ பேசாம வாக்கா.”

அவள் என் பின்னால் மெதுவாக நடந்து வந்தாள்.

பூசாரி பொட்டலங்களைச் சூலத்தடியில் வைத்துச் சூடம் ஏற்றினார். கண்ணை மூடிக் கையை நீட்டினார்.

“மாமா, எடுக்காதீங்க” என்றாள் அக்கா.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து முன்னால் வந்தாள். அம்மா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் விடுவித்துக்கொண்டாள்.

“ரெண்டுலயும் வெள்ளைதான் இருக்கு. எனக்காகத்தான் தம்பி இப்படிக் கட்டிட்டான். ஆத்தாவப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனசில்ல. எனக்குக் கண்ணுல ஒன்னும் இல்ல மாமா, நெஞ்சுலதான் சீக்கு. ஊசி போடலன்னா செத்துருவேன். கோயிலு மேட்ட என்னால ஏற முடியாது. பஸ்ஸ உங்களுக்கு எங்க வசதியோ அங்கயே வச்சிக்குங்க. ஆனா தெரிஞ்சிக்கிட்டு வைங்க.”

இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை இருமினாள். கங்காணி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கேட்டடியிலயே நிக்கட்டும். கிராணிகிட்டப் போயி சொல்லிருங்க” என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. ஆனால் அக்கா நின்ற இடத்தைச் சுற்றி வட்டம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான் எனக்கு முதலில் வந்தது. வட்டத்தைப் பிறகுதான் கவனித்தேன்.

ஒரு வாரத்துக்குள் ஜாசினிலிருந்து ஆள் வந்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். குழாயடியில் அம்மாவை வரிசையில் நிற்கவிடுவதில்லை. “நீங்க மொதல்ல புடிச்சிக்கிட்டுப் போங்க அத்தாச்சி” என்று மரியாதையாக வழிவிடுவார்கள். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்ததும் குழாயைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்து என்னைத்தான் திட்டுவாள். அக்காவை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்கா பிழைத்துக்கொண்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊசி தவறாமல் நடந்தது. அந்த நிறுத்தம்தான் அவளைக் காப்பாற்றியது.

நான் எழுத வந்தது பஸ் வந்த முதல் நாளைப் பற்றி. பஸ்ஸுக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். காவலர்கள் சோதித்து முடித்ததும் எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். அக்காவுக்கு மட்டும் தள்ளுமுள்ளு இல்லாமல் வழி கிடைத்தது. இரண்டாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலி. பின்னால் கைப்பிள்ளைக்காரிகள்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று அவளுக்குத் துணையாகப் போகிறவன் நான். கடைசியாக ஏறினேன். என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் தெளிந்தது. ஜன்னல் பக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டு, முந்தானையை மடிமேல் இழுத்துப் போட்டு எனக்கு இடம்விட்டாள். வண்டியில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே அறையில் அவளோடு படுத்து எழுந்தவன் நான். அவள் குடித்து மீதிவைத்த தேத்தண்ணியைக் குடித்தவன். எனக்கு நோய்ப் பயம் கிடையாது. அந்தக் கண்களுக்குத்தான் பயந்தேன்.

“பரவால்லக்கா, நான் நிக்கிறேன்” என்றேன்.

அக்கா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். மலாக்கா வரும்வரை நான் நின்றுகொண்டே போனேன்.