வேம்புலியின் நிழலும் ரேணுகாக்காவின் பாக்கெட்டும்

கள்ளிக்குப்பம் வேம்புலியிடம் தொழில் என்னவென்று கேட்டால் "ஃபேஷன் போட்டோகிராஃபர்" என்பான். அவன் மனைவி மதிவதனியிடம் கேட்டால் "நைட்டிய படம் எடுக்கிறாரு" என்பாள். இரண்டும் உண்மைதான். முதலாவதைச் சொல்லும்போது மட்டும் அவன் தாடியைத் தடவிக்கொள்வான்.

அவனுடைய தாத்தா வயலில் கூலிக்குப் போனவர். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் கேமரா பிடித்த முதல் ஆள் வேம்புலி. பத்து வருடம் கல்யாணப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, ஆவடியில் ஒரு மண்டபத்தில் கரண்ட் போனபோது புத்தி மாறியது. ஜெனரேட்டர் போடுவதற்குள், ஜன்னல் வெளிச்சம் மணப்பெண்ணின் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது. வேம்புலி ஒரே ஒரு படம் எடுத்தான். அன்றைக்கு நிழலிடம் மனதைப் பறிகொடுத்தவன்தான், இன்னும் மீளவில்லை. பெண் வீட்டார் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "பொண்ணு மூஞ்சில மீதி பாதி எங்கப்பா?" என்று கேட்டதெல்லாம் அவன் காதில் ஏறவே இல்லை.

அதற்குப் பிறகு துணிக்கடைகளுக்குப் படம் எடுக்க வந்தான். பூந்தமல்லி குர்திக் கடைக்காரரும் வானகரம் பொட்டிக் அம்மாவும் கலந்து பேசி வைத்த மாதிரி ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "கொஞ்சம் வெளிச்சமா எடு." இன்ஸ்டாகிராமில் மட்டும் அவனைக் கொண்டாடினார்கள். கொண்டாடியவர்கள் அத்தனை பேரும் போட்டோகிராஃபர்கள். அவர்களில் ஒருவரும் நைட்டி வாங்குவதாகத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் ரேணுகா கூப்பிட்டாள். எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் இருபத்திரண்டு தையல் மெஷின் போட்டு நைட்டி தைத்து, ஆன்லைனில் விற்பவள். வேம்புலியை விடப் பத்து வயது மூத்தவள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் போனிலும் அதே குரல்தான்.

"வேம்புலி, இந்த வாட்டி நைட்டிக்கு பாக்கெட் வெச்சிகீறேன். ரெண்டு பக்கமும். அதான் மேட்டரு. நாப்பது டிசைன். நல்லா எடுத்துக் குடு."

வேம்புலியின் காதில் "நல்லா எடு" என்பது மட்டும்தான் விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் மாடல் காவ்யாவைக் கொரட்டூர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனான். சூரியனை அவளுக்குப் பின்னால் நிறுத்தி, முகத்தைத் திருப்பி, தூரத்தில் பார்க்கச் சொன்னான்.

"அண்ணா, நைட்டிய மாட்டிகினு ஏரிக்கரையில நான் இன்னாத்துக்கு நிக்கிறேன்?" என்றாள் காவ்யா.

"நீ எதையோ தேடுற."

"இன்னாத்த?"

"அது தெரியக் கூடாது."

அவளும் தெரியாததைப் பார்த்து நின்றாள். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியம்மா அருகில் வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "இன்னாம்மா, ஊட்ல எதனா சண்டையா? யாருக்கிட்டயாவது போன் பண்ணணுமா?" காவ்யா சிரித்துவிட்டாள். வேம்புலிக்கு மட்டும் அது பாராட்டாகப் பட்டது. உணர்ச்சி அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறதே!

மூன்று நாள் உழைத்து நாற்பது டிசைனையும் முடித்து, ஷெட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்தான். ரேணுகா படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பிசிறு நூல் வெட்டும் கெங்கம்மாள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு இந்தப் பொண்ணு, பாவம்?" என்று உச்சுக் கொட்டினாள்.

கடைசிப் படம் வரை பார்த்துவிட்டு ரேணுகா கேட்டாள்: "பாக்கெட் எங்க?"

"அக்கா, இதுல ஒரு மூடு கீது…"

"மூடு கீது. பாக்கெட் எங்க கீது?"

நாற்பதில் ஒன்றில்கூட பாக்கெட் இல்லை. வேம்புலியும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். இருட்டுதான் பெரிதானது.

வீட்டுக்கு வந்து மதிவதனியிடம் குறைப்பட்டுக்கொண்டான். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.

"நானும்தான் படம் எடுக்கிறேன். எலும்பு எங்கமான்னு டாக்டர் கேட்டா, மூடு கீது சார்னு சொன்னா உட்ருவாரா?" என்றாள்.

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கு பாதி பேரு கை காலு முறிஞ்சிப்போய் அழுதுகினு வர்றாங்க. உனக்கு அந்தத் தொல்லையும் இல்ல."

அவன் அன்று இரண்டாவது தடவை ரசம் கேட்கவில்லை. கோபத்தை அவன் காட்டுவது அப்படித்தான்.

அடுத்த வாரம் வெள்ளைப் பேப்பரைப் பின்னால் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் லைட்டைத் திருப்பி, நாற்பதையும் மறுபடி எடுத்தான். காவ்யா பாக்கெட்டில் கைவிட்டுச் சிரித்தாள். பாஸ்போர்ட் ஆபீஸில் கொடுத்தாலும் மறுக்க முடியாத படங்கள். ரேணுகா மகிழ்ந்துபோய் அன்றே ஆன்லைனில் ஏற்றிவிட்டாள்.

பத்தாவது நாள் போனில் அவள் குரல் வழக்கத்தை விடப் பெரிதாக வந்தது. யாரோ ஒருத்தன் அதே படங்களைத் தூக்கி, தன் பெயரில் போட்டு, பாக்கெட்டே இல்லாத மட்டமான நைட்டியை விற்றுக்கொண்டிருக்கிறான். வாங்கியவர்கள் படத்தைத் தேடி வந்து ரேணுகாவைத் திட்டுகிறார்கள். வேம்புலி பதறித்தான் போனான். ஆனால் மனதின் ஒரு மூலையில் யாரோ மெல்லக் கைதட்டுவதும் அவனுக்குக் கேட்டது. அதற்கு வெட்கப்பட்டு, வழக்கத்தை விட அதிகமாக "அடப் பாவமே" சொன்னான்.

"பாத்தவொடனே இது நம்மளுதுன்னு தெரியணும். வேற எவனும் என்னுதுன்னு சொல்லிக்க முடியாத மாரி எடு," என்றாள் ரேணுகா. அவன் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்துவதற்குள் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா பாக்கெட் தெரியணும்."

யோசனை ஒன்றும் இல்லாமல்தான் மறுநாள் பதினோரு மணிக்கு ஷெட்டுக்குப் போனான். கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதன் அருகே கெங்கம்மாள், தையல் பிசகி ஒதுக்கிய ஒரு நைட்டியை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு பாக்கெட்டில் கத்தரியும் போனும், இன்னொன்றில் வெற்றிலைப் பொட்டலம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, பாக்கெட் புடைத்துக்கொண்டு, அதன் விளிம்புத் தையல் ஒவ்வொன்றும் எண்ணும்படி எழுந்து நின்றது. வேம்புலி அப்படியே நின்றான். பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம் துணியின் தடிப்பையும் மடிப்பையும் தூக்கிக் காட்டும் என்பது அவனுக்கு எப்போதோ தெரியும். அதை முகத்துக்கு மட்டுமே வைத்திருந்தான். ஒரு பாக்கெட்டுக்குக் கொடுத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

"அப்டியே நில்லுக்கா."

"இன்னா நைனா, என்னப் போயி எடுக்கிற? அந்தப் பொண்ணு வரலியா? சிரிக்கணுமா?"

"வாணாம்."

"வாணான்னா சிரிப்பு வருதே!"

அந்தச் சிரிப்போடு எடுத்த படத்தை ரேணுகா நெடுநேரம் பார்த்தாள். "பாக்கெட் நல்லா தெரியிது. ஆனா மூஞ்சில பாதி இருட்டு கீதே."

"அதான்க்கா ஸ்டைலு."

"கொஞ்சம் கொறச்சிக்க."

பிறகு நடந்தது காய்கறி மார்க்கெட் பேரம். இருட்டுப் பக்கத்துக்கு வெளிச்சம் திருப்ப ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை வைத்தார்கள். ரேணுகாவே அதைப் பிடித்தாள். அவன் கேமராவில் கண் வைத்ததும் அட்டையோடு ஓரடி முன்னே வருவாள். அவன் நிமிர்ந்து பார்த்தால் அரை அடி பின்னே போவாள். "அக்கா, நீ நகர்ற." "நான் எங்க நகர்றேன்? மூச்சு உட்டேன்." கடைசியில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, இருவரும் அதைத் தாண்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஷெட்டுப் பெண்கள் ஆறு பேர் மாடல் ஆனார்கள். பின்னால் கம்பெனி போர்டு, பக்கத்தில் மெஷின்கள். யார் திருடினாலும் கெங்கம்மாளையும் சேர்த்துத்தான் திருட வேண்டும். அப்படி ஒருவரும் துணியவில்லை. பாக்கெட் நைட்டி பொங்கலுக்குள் தீர்ந்துபோனது. திருவேற்காட்டுக் கோயிலில் இரண்டு பெண்கள் கெங்கம்மாளை அடையாளம் கண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் "என் இடது பக்கம் எடு நைனா, அதான் நல்லா வருது" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

போன மாதம் வானகரத்திலிருந்து ஜெகதீசன் என்பவர் கூப்பிட்டார். குழந்தைகள் துணி விற்பவர். "சார், அதே ஜன்னல் வெளிச்சம், அதே பாதி நிழல். அச்சு அசலா அப்டியே வோணும்."

போனை வைத்துவிட்டு வேம்புலி முகத்தைச் சுளித்தான். "எல்லாருக்கும் ஒரே மாரி எடுத்தா நான் எதுக்கு?"

மதிவதனி தலையில் கைவைத்தாள். "வெளிச்சம் கேட்டாலும் கோவம். இருட்டு கேட்டாலும் கோவமா?"

போய்ப் பார்த்தால் ஜெகதீசனின் இடம் மூன்றாவது மாடி, நாலு பக்கமும் சுவர். "ஜன்னல நீங்களே கொண்டாந்துடுங்க சார்," என்றார் அவர் சாதாரணமாக. வேம்புலி ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்தான். பிறகு பூந்தமல்லி பக்கம், இடித்த வீட்டுச் சாமான் விற்கும் இடத்தில், கம்பி போட்ட பழைய மரஜன்னல் ஒன்றை வாங்கினான். பின்னால் ஃப்ளாஷ் வைத்துப் பார்த்தால் அசல் பதினோரு மணி வெயில். திங்கட்கிழமை காலையில் அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, தானும் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, வானகரத்துக்குப் புறப்பட்டான்.