சிவபாண்டி எட்டிப் பார்த்தால் நின்றுபோகும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரில் பிழைச் செய்தி வந்தால் மற்றவர்கள் சலித்துக்கொண்டு மூடிவிடுவார்கள். தமிழ்வாணி நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பாள். கல்லூரியில் படிக்கும்போதே அப்படித்தான். எழுமலையில் ஊரார் காட்டில் கூலிக்குப் போய், பிறகு சொந்தமாக நிலம் வாங்கி வெள்ளாமை செய்யும் குடும்பம் அவளுடையது. வீட்டின் முதல் பட்டதாரி. மதுரையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் அவளைச் செல்லூருக்கு அனுப்பினார்கள்.

செல்லூரில் ஒரு சந்துக்குள் முத்துச்செல்வி என்பவர் விசைத்தறிக் கொட்டகை நடத்தி வந்தார். எந்தத் தறியிலாவது நூல் அறுந்து ஓட்டம் நின்றால், ஆபீஸ் அறையிலுள்ள கம்ப்யூட்டரில் அந்தத் தறியின் பெயர் சிவப்பாகும். தமிழ்வாணியின் நிறுவனம் போட்டுக்கொடுத்த புரோகிராம்தான். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அது அடிக்கடி பாதியில் படுத்துக்கொண்டிருந்தது.

தறிகளின் அதிர்வு என்றார்கள், கரண்ட் சரியில்லை என்றார்கள். கடைசியில் பழி மேஸ்திரி சிவபாண்டியின் தலையில் விழுந்தது. அவர் உள்ளே வந்து திரையைப் பார்த்தால் போதும், புரோகிராம் நின்றுவிடுகிறதாம். கேலியாகத் தொடங்கிய பேச்சு மெல்ல நிஜமாகிவிட்டது. ஒருநாள் தறியில் புதுப் பாவு நூல் ஏற்றும்போது, காளை என்கிற தறிக்காரர் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அன்று மத்தியானம் சிவபாண்டி சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை. அதற்குப் பிறகு ஆபீஸ் அறைக்குள் அவர் கால் வைப்பதில்லை. வாசலில் நின்றபடியே, எந்தத் தறி நிற்கிறது என்று யாரையாவது கேட்டுக்கொள்வார்.

தமிழ்வாணி போனபோது புரோகிராம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி வருவதை நிறுத்தியதிலிருந்து ஒரு கோளாறும் இல்லை என்றார் முத்துச்செல்வி. நின்றபோது திரையில் என்ன வந்தது என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. நின்றவுடன் அணைத்துவிட்டு மறுபடி போடுவதுதான் அங்கே வழக்கம்.

தமிழ்வாணிக்குச் சட்டென்று உற்சாகம் பிறந்தது. அவர் வரும்போது மட்டும் நிற்கிறது என்றால், மற்றவர்கள் செய்யாத எதையோ அவர் செய்கிறார். வாசலுக்கு ஓடினாள்.

“அண்ணே, உள்ள வாங்க. வழக்கமா எப்படிப் பாப்பீங்களோ அப்படியே பாருங்க.”

“வேணாம் தாயி. நல்லா ஓடிக்கிட்டிருக்கு. நான் வந்தா நின்னுபோகும்.”

“நிக்கட்டும்ணே. அது நிக்கிறதைப் பாக்கத்தான் நான் வந்திருக்கேன்.”

சிவபாண்டி தயங்கித் தயங்கி வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். கை தானாகப் போய்க் கீபோர்டில் இரண்டு விசைகளை அழுத்தியது. எழுத்துகள் பெரிதாயின. அடுத்த நொடி தறிப் பெயர்கள் எல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் ஒற்றை வரி நின்றது: ‘இன்டரப்டட் சிஸ்டம் கால்.’

அவர் சுட்டுக்கொண்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். தமிழ்வாணியோ நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

“என்ன செஞ்சீங்கண்ணே?”

“ஒண்ணுஞ் செய்யல தாயி. எழுத்து பொடிசாத் தெரிஞ்சுச்சு, பெருசாக்குனேன். அம்புட்டுத்தான்.”

புரோகிராமை மறுபடி ஓட்டி, இம்முறை அவளே எழுத்தைப் பெரிதாக்கினாள். நின்றது. முத்துச்செல்வியைக் கூப்பிட்டு அழுத்தச் சொன்னாள். அப்போதும் நின்றது. தறிச் சத்தத்தையும் மீறி அறைக்குள் சிரிப்பு எழுந்தது. சிவபாண்டி மட்டும் சிரிக்கவில்லை. தன் கையையும் முத்துச்செல்வியின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை அவள் எல்லோருக்கும் விளக்கினாள். தறியிலிருந்து செய்தி வந்தால் கொடு என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டுவிட்டு, புரோகிராம் காத்திருக்கிறது. எழுத்தின் அளவை மாற்றியதும், திரையில் கொள்ளும் வரிகள் மாறிவிட்டன என்று சொல்ல சிஸ்டம் அதைத் தட்டிக் கூப்பிடுகிறது. அதனால் காத்திருப்பு கலைந்து, புரோகிராம் வெறுங்கையோடு திரும்புகிறது. இடையில் கூப்பிட்டதால் கேட்டது நின்றுபோனது என்பதுதான் அந்தச் செய்தி. எதுவும் கெட்டுப்போகவில்லை, மறுபடி ஒருமுறை கேட்டால் போதும். புரோகிராமை எழுதியவர் அதைச் சொல்லிவைக்க மறந்ததால், வெறுங்கை என்றாலே பெரிய கேடு என்று எண்ணி அது தானே நின்றுகொண்டது.

சாயங்காலத்துக்குள் அவள் திருத்திவிட்டாள். இந்தக் காரணத்தால் வெறுங்கையோடு திரும்பினால் மறுபடி கேள் என்று சில வரிகள், அவ்வளவுதான். பிறகு சிவபாண்டியை உட்காரவைத்தாள். அவர் அழுத்தினார். எழுத்துகள் பெரிதாயின, தறிப் பெயர்கள் எல்லாம் பச்சையாகவே இருந்தன. சிறிதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார். புரோகிராம் நிற்கவில்லை. திரையில் ஒரு பெயர் சிவந்ததும், “நாலாந்தறி நின்னுபோச்சு, நான் போறேன்” என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவரே ஓடினார். காளை வழிவிட்டு ஒதுங்கி, தப்பாப் பேசிட்டேண்ணே என்றார். சிவபாண்டி தலையை மட்டும் அசைத்துவிட்டு அறுந்த நூலை முடிந்தார்.

மறுநாள் காலை தமிழ்வாணி தன் நிறுவனத்தின் மற்ற புரோகிராம்களையும் திறந்து தேடினாள். கொட்டாம்பட்டி அரிசி ஆலை ஒன்றில் ஓடும் புரோகிராமிலும் அதே குறை இருந்தது. அங்கே அது இன்னும் ஒருமுறைகூட நின்றதில்லை. நிற்பதற்கு முன்னால் போய்த் திருத்திவிட வேண்டும் என்று, மத்தியானச் சாப்பாட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.