பல் பார்த்த நடுவர்

பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் மென்பந்துப் போட்டிக்கு எங்கள் பொடியன்களை மருதமுனையிலிருந்து இறக்காமத்துக்கு வேனில் கூட்டிப்போனேன். அங்கே நடுவராக நின்றவர் ஒரு மாட்டு வியாபாரி. வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய சாரன். அண்ணன் என்ற முறையில் எல்லாரும் அவரைக் காக்கா என்றார்கள். பிறப்புச் சான்றிதழை அவர் தொடவேயில்லை. குர்பானுக்கு அறுக்கும் மாட்டுக்கு வயது பார்ப்பதுபோல ஒவ்வொருவனின் பல்லையும் பார்த்தார்.

எங்களில் ஒருவன் பன்னிரண்டு வயதிலேயே என்னைவிட உயரம். வயது கூட என்று போன ஊரிலெல்லாம் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்கும் விடாவிட்டால் இனி விளையாடமாட்டேன் என்றிருந்தான்.

நடுவர் அவன் கடைவாயில் விரல் விட்டார். "இன்னும் பால்பல்லு கிடக்கு. எறங்கு மகன்."

"காக்கா, இவன் அடிச்சாப் பந்து குளத்துக்குள்ளதான்!" என்று எதிரணிக்காரர் கத்தினார்கள்.

"வயசுக்குப் பல்லப் பாத்தன். ஆட்டத்துக்கு எதப் பாக்கிற? வாலயா?"

அவன் ஆடிய முதல் பந்திலேயே விக்கெட் பறந்தது. பொடியன் நின்ற இடத்திலேயே அழுதான். நடுவர் கையை நீட்டி "நோ போல்" என்றார். பந்து போட்டவனின் கால் கோட்டுக்கு நன்றாகப் பின்னால் இருந்தது.

"இது அநியாயம் காக்கா!" என்று கத்தியது நான்தான்.

"இது உங்கட புள்ளதானே? வாயப் பொத்திட்டு நில்லுங்க."

அடுத்த பந்தை அவன் தட்டி நிறுத்தினான். நடுவர் கைதட்டினார்.

அவரைப்போல மோசமான நடுவரை நான் கண்டதேயில்லை. இவன் ஆடும் இடமெல்லாம் அவர்தான் நிற்கவேண்டும்.